பழைய அலுமினியப் படகும் புதிய வர்ணமும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

அலுமினியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன சோற்றுப் பானையும், பால் தூக்கும், மதிய உணவு டப்பாவுமே. அதே உலோகத்தால் படகும் செய்கிறார்கள் என்றால் நம்மில் சிலருக்கு வியப்பாக இருக்கும். எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட படகு ஒன்று உண்டு. பதினான்கு அடி நீளம். படகோட்டியோடு சேர்த்து ஆறு பேர் அமரலாம். உப்பங்கழிக்கு அப்பால் உள்ள குப்பங்களிலிருந்து மாணவியர் வந்து செல்வதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டது. பாலம் கட்டிய பின் அதற்கு வேலை குறைந்தது. பூவரசு மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். எனினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை பெய்து, பாலத்தை அடையும் சாலை மூழ்கும்போது, அக்கரைத் தோழியருக்கு இந்தப் படகை விட்டால் வேறு வழியில்லை.

பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாமா, பழுது பார்த்து வர்ணம் பூசி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி சென்ற ஜூன் மாதம் எழுந்தது. விடை காணும் பொறுப்பைத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் எங்கள் அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். "இரும்பைப் போல் துருப்பிடிக்காத உலோகத்துக்கு வர்ணம் எதற்கு?" என்பதுதான் எங்களுக்கு எழுந்த முதல் ஐயம். அதற்கு விடை தேடியபோது நாங்கள் கற்றவற்றையே இக்கட்டுரையில் தருகிறோம்.

அலுமினியம் வந்த வரலாறு

புவியின் மேலோட்டில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அலுமினியமே. ஆயினும் அது ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருப்பதால், நெடுங்காலம் எவராலும் அதைப் பிரித்தெடுக்க இயலவில்லை. 1825-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்ஸ்டெட் என்பவர் முதன்முதலில் சிறிதளவு பிரித்தெடுத்தார். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும், பிரான்சில் பால் ஹெரூல்ட்டும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பெறும் முறையைக் கண்டுபிடித்தனர். இருவரும் 1863-ல் பிறந்து 1914-ல் மறைந்தவர்கள் என்பது ஒரு விந்தை.

மாணவியராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. ஹாலின் தமக்கை ஜூலியாவும் ஓபர்லின் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். தம்பி ஆய்வு நடத்திய நாட்களில் உடனிருந்து உதவியதோடு, நடந்தவற்றை எழுதியும் வைத்தார். கண்டுபிடிப்பு யாருடையது என்ற வழக்கு வந்தபோது அவருடைய சாட்சியமும் உதவியது. குறிப்பேடு எழுதுவதைச் சலிப்பாக எண்ணும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்!

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். எஃகின் அடர்த்தியோ ஏறத்தாழ 7.8 கிராம். இந்த எடைக் குறைவே படகு கட்டுவோரைக் கவர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானங்கள் செய்துவந்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம், அதே அலுமினியத் தகடுகளையும் அதே ரிவெட் அடிக்கும் கைத்திறனையும் கொண்டு சிறு படகுகள் செய்யத் தொடங்கியது. மர ஓடம் ஒன்றைத் தோளில் சுமந்து களைத்துப்போன அந்நிறுவனத்தின் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன் என்பவருக்கு 1944-ல் தோன்றிய எண்ணமே அதற்கு வித்து.

உலோகத்தின் மெல்லிய மேலாடை

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்று சொல்வது பாதி உண்மை. அதுவும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. இரும்பைவிட விரைவாகவே சேர்கிறது. வேறுபாடு அதன் பின்னர்தான். இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கிறது. அலுமினியத்தின் ஆக்சைடோ உதிராமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. அது சில நானோமீட்டர் கனமே உள்ள படலம், கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாளால் தேய்த்து அகற்றினாலும் அந்தக் கணமே மீண்டும் உருவாகத் தொடங்கும். இந்த மெல்லிய மேலாடைதான் படகைக் காக்கிறது.

இந்த மேலாடைக்கும் பகை உண்டு என்பதை நம் அன்னையர் அடுப்படியிலேயே அறிவார்கள். புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுதும் வைக்கக் கூடாது என்பார்கள். சோடா உப்புப் போட்டுக் கழுவினால் அலுமினியப் பாத்திரம் கறுத்துவிடும். காரணம், மிகுந்த அமிலமும் மிகுந்த காரமும் ஆக்சைடுப் படலத்தைக் கரைத்துவிடும் என்பதே. ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையிலான பி.எச். அளவுக்குள்தான் அது நிலைத்திருக்கும். ஆகவே பழைய வர்ணத்தை நீக்கக் காஸ்டிக் சோடா கலந்த மருந்தை இந்த உலோகத்தின் மேல் ஒருபோதும் ஊற்றக் கூடாது. வர்ணத்தோடு தகடும் கரையும்.

இந்தப் படலத்தால் வர்ணக்காரருக்கும் ஓர் இடையூறு உண்டு. வழவழப்பான அதன் மேல் சாதாரண எனாமல் சரியாகப் பிடிக்காது. இரண்டொரு மழைக்குள் தோல் தோலாக உரிந்து வரும். உரிந்த வர்ணத்துக்கு அடியில் ஈரமும் உப்பும் தங்கி, வெறும் தகட்டைவிட விரைவாக அரித்துவிடும். வர்ணம் பூசாத அலுமினியப் படகுகள் பல காலம் உழைக்கின்றன. முறையில்லாமல் வர்ணம் பூசிய படகோ விரைவில் கெடும். இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டோம்.

செம்பு என்னும் பகைவன்

உப்பு நீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், அங்கே ஒரு மின்கலம் உண்டாகிறது. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் அரிபடும், மற்றது காக்கப்படும். அலுமினியத்தின் மின்முனை மின்னழுத்தம் -1.66 வோல்ட்; செம்பினுடையது +0.34 வோல்ட். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. எனவே செம்பு தொட்டால் அழிவது அலுமினியமே.

இதை நேரில் காண ஒரு சோதனை செய்தோம். ஒரே தகட்டிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி, மூன்று கண்ணாடிப் புட்டிகளில் கழிநீரில் இட்டோம். முதல் துண்டு வெறுந்துண்டு. இரண்டாவதில் செம்புக் கம்பி சுற்றினோம். மூன்றாவதற்கு வர்ணம் பூசி, ஓரிடத்தில் ஊசியால் கீறி, ஒரு முனையில் வர்ணத்தைச் சுரண்டி அங்கே செம்புக் கம்பியை இறுக்கி, அந்த முடிச்சை மெழுகால் மூடினோம். கம்பியின் எஞ்சிய பகுதி நீரில் தொங்கியது.

மூன்று வாரத்துக்குப் பின் எடுத்துப் பார்த்தோம். முதல் துண்டு சற்றே மங்கியிருந்தது. இரண்டாவதில் கம்பியை ஒட்டி வெண்ணிறக் கூழ் படிந்து, துடைத்தபோது அடியில் சிறு குழிகள் தெரிந்தன. மூன்றாவதுதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. வர்ணம் இருந்த இடமெல்லாம் நன்றாயிருக்க, கீறிய இடத்தில் மட்டும் இரண்டாம் துண்டில் இருந்ததைவிட ஆழமான குழி! செம்பின் பரப்பு பெரிது. அரிபடக் கிடைத்த அலுமினியத்தின் பரப்போ ஒரு கீறல் அளவு. முழுத் தாக்குதலும் அந்த ஒரே இடத்தில் விழுந்தது. செம்பு அருகில் இருக்கும்போது வர்ணத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால் விளங்கியது.

டிபெண்டர் தந்த பாடம்

இந்தப் பாடத்தைப் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றவர்களும் உண்டு. 1895-ல் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் பந்தயத்துக்காக, ரோட் தீவு மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில், புகழ்பெற்ற ஹெரஷாஃப் அவர்களின் கப்பல் கட்டுமிடத்தில் 'டிபெண்டர்' என்னும் படகு உருவானது. நீருக்குக் கீழே மாங்கனீஸ் வெண்கலத் தகடு. நீருக்கு மேலே எடை குறைவதற்காக அலுமினியத் தகடு. உள்ளே எஃகுச் சட்டங்கள். பந்தயத்தில் டிபெண்டர் வென்றது. ஆனால் மூன்று உலோகங்களும் கடல் நீரில் கூடியதால் அரிப்பு விரைந்து பரவியது. 1901-ல், கட்டிய ஆறே ஆண்டுகளில், அதை உடைத்து எடுத்துவிட்டார்கள். வெண்கலம் செம்பின் கலவை அன்றோ!

எங்கள் படகின் நிலை

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பின்னரே படகின் அருகில் சென்றோம். முதலில் நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவினோம். சருகுகளும் மண்ணும் ஒட்டியிருந்த விளிம்புகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஈரச் சருகு நாட்கணக்கில் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால், காற்றுப் புகாத அந்த இடத்தில் மேலாடை புதுப்பிக்கப்படாமல் அரிப்பு தொடங்குகிறது.

அடுத்து, படகை நிமிர்த்தி மரத் தாங்கிகளின் மேல் வைத்து, உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் நீர் விட்டோம். நீர் கனமானது, நிறைய ஊற்றினால் படகின் உடல் வளையக்கூடும். வெளியே துளி கசிந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். பென்சிலால் குறிக்க வேண்டாம் என்று ஆசிரியை தடுத்தார்கள். பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டும் செம்பைப் போலவே அலுமினியத்தை அரிக்கச் செய்யும். விமானப் பட்டறைகளிலும் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடுவதை விலக்கியிருக்கிறார்கள். நாள்தோறும் கையில் பிடிக்கும் பென்சிலுக்கு இப்படி ஒரு குணமா என்று வியந்தோம்.

நான்கு ரிவெட்டுகள் தளர்ந்து கசிந்தன. அடிப்புறத்தில் பழைய சிவப்பு வர்ணத்துக்குக் கீழே மிளகளவு குழிகள் பல இருந்தன. விசாரித்ததில், முன்னொரு காலத்தில் மரப்படகுகளுக்குப் பூசும் செம்புச் சத்துள்ள வர்ணத்தை யாரோ இதற்கும் பூசியிருந்தது தெரிய வந்தது. பாசியும் சிப்பியும் படகில் ஒட்டாமலிருக்கச் செம்பு ஆக்சைடு கலந்த வர்ணம் பூசுவது வழக்கம். மரத்துக்கு அது காவல். அலுமினியத்துக்கு அதுவே நஞ்சு. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் ஓரிடத்தில் பாதிக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் நடுப்பலகை. மழை நாளில் அதில் நம் தோழியர் இருவர் அமர்வார்கள்.

வெல்டிங் பட்டறைப் பெரியவர் வந்து பார்த்தார். மற்ற இடங்களில் தகடு உறுதியாக இருப்பதாகவும், இந்த ஓரிடத்தை வெட்டி வேறு தகடு வைத்தால் போதும் என்றும் சொன்னார். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் ஆக்சைடோ இரண்டாயிரம் பாகைக்கு மேல்தான் உருகும். எனவே ஆக்சைடை நன்றாகச் சுரண்டி நீக்கி, காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவைப் பாய்ச்சியபடி பற்றவைத்தார். புதுத் தகடும் மக்னீசியம் கலந்த, கடல் நீருக்கு ஏற்ற அலுமினியமே. தளர்ந்த ரிவெட்டுகளையும் மாற்றினார். படகை எடைக்குப் போட வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று.

வர்ணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஜூலை, ஆகஸ்டு மாதச் சனிக்கிழமைகளில் வேலை நடந்தது. வர்ணம் பூச இரண்டு நாள். அதற்கு முன்னேற்பாட்டுக்கு ஆறு சனிக்கிழமைகள்!

1. பழைய வர்ணத்தை மரச் சுரண்டியால் பெயர்த்தோம். எஞ்சியதை நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்தோம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஈரத் தேய்ப்பு, முகமூடி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். சுரண்டிய தூளைக் கழியில் விடாமல் சாக்கில் சேர்த்தோம்.

2. இரும்புக் கம்பித் தூரிகையும் இரும்பு நாரும் தொடவே கூடாது. இரும்புத் துகள்கள் மென்மையான தகட்டில் புதைந்து, பின்னர் ஒவ்வொரு துகளும் ஓர் அரிப்புப் புள்ளியாகும். நைலான் தூரிகையையே பயன்படுத்தினோம்.

3. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தார்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இல்லையேல் உப்புத்தாள் அந்த எண்ணெயையே தகட்டுக்குள் தேய்த்துவிடும்.

4. பின்னர் 80-ஆம் எண், அடுத்து 120-ஆம் எண் தாளால் தகடு மங்கலாகும் வரை தேய்த்தோம். வர்ணம் பற்றிக்கொள்ள இந்தச் சொரசொரப்பு வேண்டும். நாங்கள் வாங்கிய தாளின் மேலிருந்த மணிகளும் அலுமினியம் ஆக்சைடே என்று அறிந்தோம். அலுமினியத்தின் மேலாடையைக் களைய அதே ஆக்சைடு உதவுகிறது!

5. இறுதியில் நீர்ச் சோதனை. சுத்தமான தண்ணீரைத் தகட்டின் மேல் விட்டால் அது ஒரே படலமாகப் பரவி வழிய வேண்டும். தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு ஓடினால் பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள். எங்கள் படகு மூன்றாம் முறைதான் இந்தத் தேர்வில் தேறியது.

பிரைமரும் வர்ணமும்

தகட்டுக்கும் மேல் வர்ணத்துக்கும் இடையே பாலமாக நிற்பது பிரைமர். ஒரு காலத்தில் அலுமினியத்துக்குத் துத்தநாகக் குரோமேட் கலந்த பச்சை மஞ்சள் பிரைமரையே பூசினார்கள். போர் விமானங்களின் உட்புறம் அந்த நிறத்தில் இருக்கும். அதிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு அதை விலக்கினார்கள். இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் எபாக்சி பிரைமரை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். தேய்த்த அன்றே, சில மணி நேரத்துக்குள், அதைப் பூசிவிட வேண்டும். காத்திருந்தால் காற்றின் ஈரமும் உப்பும் மீண்டும் தகட்டில் படியும்.

காலநிலையும் முக்கியம். தகட்டின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிட 3 பாகை செல்சியசாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடுப்பகல் வெயிலிலும் பூசக் கூடாது. தகடு கை வைக்க முடியாதபடி சுடுவதால் வர்ணம் பரவுமுன்பே காய்ந்துவிடும். ஆகவே காலையில் பனி உலர்ந்த பிறகு, மர நிழலிலேயே வேலை நடந்தது. கலவையைப் பெரியவர்களே கலந்து பூசினார்கள். வெப்பமானியும் ஈரமானியும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது எங்கள் பங்கு. ஜூலியாவின் நினைவு வந்தது!

அடிப்புறத்துக்கு எபாக்சி மூன்று பூச்சு. மேற்புறத்துக்கு ஒரு பூச்சு பிரைமரும், இரண்டு மெல்லிய பூச்சு மஞ்சள் எனாமலும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சே நல்லது; தடித்தது மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். மஞ்சள் நிறத்தை அழகுக்காக நாங்கள் தேரவில்லை. கொட்டும் மழையில், சாம்பல் நிற நீரின் மேல், கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு தெரிய வேண்டும். உள்தளத்துக்குக் கண் கூசாத சாம்பல் நிறம். ஈரக் கால் வழுக்காமலிருக்க அந்த வர்ணத்தில் சலித்த மணலைத் தூவினார்கள். வேலை முடிந்ததும் படகைக் கரையேற்றிவிடுவதால் பாசியைத் தடுக்கும் வர்ணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நீரிலேயே கிடக்கும் அலுமினியப் படகானால், செம்பு ஆக்சைடு இல்லாத, அலுமினியத்துக்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடிப்புறத்தில் ஒரு துத்தநாகக் கட்டியையும் பொருத்தினார்கள். பாடநூல் வரிசையில் அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலே இருக்க, துத்தநாகம் அதை எப்படிக் காக்கும் என்று வினவினோம். ஆக்சைடு மேலாடை அணிந்த அலுமினியம் கடல் நீரில் வரிசையில் கீழிறங்கி நடந்துகொள்கிறது. ஆகவே துத்தநாகம் முந்திக்கொண்டு அரிபடும் என்று ஆசிரியை விளக்கினார்கள். தன்னைத் தந்து படகைக் காக்கும் அந்தக் கட்டிக்கு மட்டும் வர்ணம் பூசக் கூடாது. பூசினால் அதன் பணி நின்றுவிடும்.

பேணும் முறை

பித்தளைப் பூட்டு, செம்புக் கம்பி, சில்லறைக் காசு ஆகியவற்றைப் படகின் அடியில் விட்டு வைக்கக் கூடாது. ஈரச் சாக்கை மூடக் கூடாது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மரக்கட்டைகளின் மேல், காற்று அடியில் புகுமாறு கவிழ்த்து வைக்க வேண்டும். கீறல் கண்டால் அன்றே பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். எங்கள் மூன்றாம் புட்டியை நினைத்துக்கொண்டால் போதும். ஜூன் மாதமும் ஜனவரி மாதமும் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் படகைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுவது என்று ஏற்பாடாகியுள்ளது.

முடிவுரை

கார்த்திகை மாதத்தில் மழை விட்ட பிறகும் சாலையில் நீர் வடியாத மூன்று நாட்கள் இருந்தன. அக்கரைத் தோழியர் பதினொரு பேர், உயிர்காப்பு அங்கி அணிந்து, ஒரு தடவைக்கு ஐவருக்கு மேற்படாமல், படகோட்டி ஐயாவுடன் வந்து தேர்வு எழுதிச் சென்றார்கள். படகினுள் ஒரு துளி நீரும் கசியவில்லை. பின்னர் கவிழ்த்துப் பார்த்தபோது, கரையில் இழுத்த இடத்தில் ஒரு கீறல் மட்டுமே இருந்தது. அதையும் அன்றே மூடிவிட்டோம்.

பள்ளிக்கு வருவோர் எல்லாரும் படகின் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பாராட்டுகிறார்கள். அந்த நிறம் இரண்டே நாளில் வந்தது. அதற்கு அடியில் ஆறு சனிக்கிழமைகள் இருக்கின்றன. அவை எவர் கண்ணுக்கும் தெரியா. அக்கரைத் தோழியரைச் சுமந்தவை அந்தச் சனிக்கிழமைகளே. தேர்வுக்கு முன்னிரவு மட்டும் விழித்திருந்து படிக்கும் பழக்கமுள்ள நாம், அன்புத் தோழியரே, இதை எண்ணிப் பார்ப்போமாக!